வருதா?

ஒன்பது நாற்பதுக்கு நிற்கிறது.
கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.
அதுவரை அடுப்படியில் நாதஸ்வரம்
தாராளமாக நடமாடும்,
ரொட்டி தேய்க்கும் தவமலரின் கை
தவிலுக்கு ஒத்துப்போகும்.
பிறகு ஒரு நீண்ட பிடியின் நடுவில்
வாசிக்கிறவருக்கு மூச்சு முட்டிவிடும்.
போனஸில் வாங்கிய பிளேயர்,
அதன் சின்ன முகத்தில் ஒரு வட்டம்
செக்குமாடு மாதிரி சுற்றும்.

நான் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர்.
ரோலர் பேரிங் தேய்ந்தால் என் பாதத்துக்குத் தெரியும்,
டிரையரில் சூடு ஏறினால் மூக்குக்குத் தெரியும்.
இதில் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை.

எல்லாரும் செய்வதை முதலில் செய்தேன்:
அணைத்தேன், முப்பது எண்ணினேன், போட்டேன்.
ரவுட்டரை பீரோ மேல் ஏற்றினேன்.
பீரோ இரும்பு என்று ஞாபகம் வந்து இறக்கினேன்.
சேனல் ஒன்று, ஆறு, பதினொன்று.
ஒவ்வொன்றுக்கும் கூடத்திலிருந்து நான் "வருதா?"
அடுப்படியிலிருந்து அவள் "வரல."
நடுவில் எந்தத் துரையோ கட்டிய சுவர்,
இரண்டடிக் கருங்கல்.
குளிரை விடும். இதை விடாது.

"உங்கள் பகுதியில் மழையா சார்?"
கஸ்டமர் கேர் பெண் கேட்டாள்.
கீழ்கோத்தகிரியில் இல்லாத நாள் எது என்றேன்.
புகார் எண் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் லைன்மேன் ஜோகி வந்தான்.
சில்வர் ஓக்கில் தொங்கும் ஃபைபரைக் காட்டினான்,
காட்டெருமை முதுகு தேய்த்ததில்
பட்டையில் மயிர் ஒட்டியிருந்தது.
"அது தினமும் ஒன்பது நாற்பதுக்கா வரும்?" என்றேன்.
"அதுக்கு ஏது சார் டைம்டேபிள்" என்று
டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

ரவுட்டருக்குள் ஒரு பட்டியல் உண்டு,
மளிகைக்கடை நோட்டு மாதிரி,
யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று.
என் போன், அவள் போன், டிவி, பிளேயர்.
ஐந்தாவதுக்குப் பெயரில்லை.
ஒன்பது நாற்பதுக்கு வருகிறது,
பத்து பத்துக்குப் போகிறது.

அகப்பட்டாய் என்று தடுத்தேன்.
நாதஸ்வரம் விட்ட மூச்சை எடுத்துக்கொண்டது.
"வந்துருச்சு!" என்றாள்.
அன்று நான் ஐந்து ரொட்டி.

கை கழுவிய தண்ணீரை ஊற்ற
கூடத்து ஜன்னலைத் திறந்தால்
மஞ்சுக்குள் சதுரமாக ஒரு வெளிச்சம்.
சுவரோரமாக நகர்கிறது, உயர்கிறது, தாழ்கிறது,
கல்லில் விரிசல் தேடுகிறவள் போல.

புத்னி.
ஆடியில் ஜார்க்கண்டிலிருந்து
கொழுந்து பறிக்க வந்தவள், லைன் வீட்டுக்காரி.
உள்ளங்கையில் பால்பாயிண்டில் எங்கள் பாஸ்வேர்ட்,
தவமலரின் கோணல் கையெழுத்தில்.
போனில் ஒரு பிள்ளையின் முகம்,
வாய் பாதி திறந்தபடி உறைந்து.
அதன் மேல்
அதே வட்டம்.

உள்ளே வந்து தடையை எடுத்தேன்.
"மறுபடி போச்சு" என்றாள் தவமலர்.
பாஸ்வேர்டைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் இருபது மீட்டர் கேபிள்.
ஃபேக்டரி டிரில் கடன்.
கருங்கல்லுக்கு இரண்டு பிட் பலி,
சோற்றுப்பானை வரை தூசி,
அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.
பிளேயருக்கு இனி ஒயர்.
காற்றில் வருவது யாருக்கோ.

ஓட்டை கேபிளைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
குளிர் ஒரு விரலை நுழைத்துப் பார்க்கிறது.
துணி அடைக்க வேண்டும்.

இன்றைக்கு ஒன்பது நாற்பது.
முட்டி போட்டு ரவுட்டரில் கடைசித் தலையைச் செருகிவிட்டு
பழக்கத்தில் கத்தினேன், "வருதா?"

அடுப்படியில் எண்ணெய்ச் சத்தம், பதிலில்லை.
ஜன்னலுக்கு வெளியே, விறகடுக்கின் பக்கமிருந்து,
கொழுந்துக்காட்டில் கற்ற தமிழில் ஒரு குரல்:
"வர்து, வர்து."