நாலு கோடு

பணகுடிக்குக் கிழக்கே
பதினேழாம் நம்பர் காற்றாடியின் அடியில்
பூட்டிக் கிடக்கும் மீட்டர் அறைக்கு ஐந்து படி.
மூன்றாம் படியில் நின்றால் ரெண்டு கோடு.
நாலாம் படியில் ஒன்றுமில்லை.
ஏனென்று கம்பெனிக்காரனுக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு.
அங்கேயும் ஒரு மேடு உண்டாம்,
தண்ணீர் லாரி நிற்கும் இடத்துக்குப் பின்னால்,
கேம்ப்பிலிருந்து அரைமணி நடை.
என் போனில் அவர் பெயர் ‘ஓமன் ரெண்டு.’
ஓமன் ஒன்று
ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன நம்பர்,
அழிக்க மனசில்லை.

ஆடிக் காற்றில் பாதிப் பேச்சை இறக்கைகள் தின்றன,
மீதியை எது தின்றதோ.
“ஏட்டி, வடக்க சன்னல் வைக்—”
அத்தோடு போச்சு.
வைக்கணுமா, வைக்கக் கூடாதா?
கொத்தனார் மாசானம் கரண்டியோடு நிற்கிறார்,
கலவை இறுகுகிறது,
ரெண்டு சித்தாளுக்கும் கூலி ஓடுகிறது.
“வைக்கத்தான் சொல்லுதாக” என்றேன்.

நம் பேச்சில் வேண்டாம் என்பது
வார்த்தையின் வாலில் இருக்கிறது.
லைன் அறுவதும் வாலில்தான்.
அதனால் அந்த வருடம் முழுக்க
என் புருஷன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை.
மாடிப்படி வெளியே போனது.
அடுப்படி நாலடி நீண்டது.
குளியலறைக்குப் பச்சை ஓடு.

வாய்ஸ் அனுப்பினால் வரிசை தப்பி வரும்.
செவ்வாய்க்கிழமை, “கோவத்துல சொல்லிட்டேன், மனசுல வைக்காத.”
என்ன சொன்னார் என்று
ரெண்டு நாள் சோறு இறங்காமல் காத்திருந்து
வியாழக்கிழமை அந்த ஏச்சை வாங்கிக்கொண்டேன்.
முதலிலேயே மன்னித்தாகிவிட்டது,
அப்புறம் எப்படி அழ?

வடக்கே அவர் பெரியப்பா மகன் வீடு.
வரப்புத் தகராறு, எட்டு வருஷமாகப் பேச்சில்லை.
“வைக்காதன்னுல்லா சொன்னேன்” என்று
அவர் கத்தியது முழுசாகக் கேட்டது,
அதற்குள் சன்னலுக்குப் பெயிண்ட் காய்ந்திருந்தது.
அதன் வழியாகத்தான் இப்போது
தங்கபுஷ்பம் மைனி உறைமோர் கேட்கிறாள்.
அதை அவரிடம் சொன்னேனா?
சொன்னதாகத்தான் ஞாபகம்.
கட்டாகியிருக்கும்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.
“அக்கா மவனுக்கு ஒரு லட்சம் குடுத்துரு,
காலேசுல கேக்கான்” என்றார் ஒருநாள்.
“கேக்கலை, கேக்கலை, ஹலோ?” என்றேன்.
மூன்றாம் படி.
ரெண்டு கோடும் இருந்தன.
அந்தப் பணம்தான் மாடிப்படிக் கைப்பிடி.
பிடித்து ஏறும்போதெல்லாம்
உள்ளங்கை கொஞ்சம் சுடுகிறது,
வெயிலுக்கும் சுடும்.

பிறகு பெருங்குடி ரோட்டில் புது டவர் வந்தது.
அவரையும் வேறு கேம்ப்புக்கு மாற்றினார்கள்,
கட்டிலில் படுத்தே பேசலாமாம்.
அடுப்படியில் நின்றேன், நாலு கோடு.
அவர் எச்சில் விழுங்குவது கேட்டது.
அதற்குப் பின்னால் ஏசி,
அதற்கும் பின்னால் யாரோ மலையாளத்தில்
யாரையோ கடனுக்குத் திட்டுவது.
மூன்று வருஷமாகக் கத்தியே பழகிய வாய்
மெதுவாகப் பேசக் கூசியது.
“சாப்ட்டியளா?”
“ஆச்சு.”
“என்ன குழம்பு?”
“பருப்பு.”
இவ்வளவுதானா நமக்குள்ளே என்று
ரெண்டு பேருமே நினைத்திருப்போம்.

அப்போதுதான் கேட்டேன்,
படியில் நின்று ஒருநாளும் கேட்காததை.
“எப்ப வருவிய?”

ஏசி ஓடியது.
மலையாளத்தான் கூட வாயை மூடிக்கொண்டான்.
“என்னது? கேக்கலட்டி… லைன் சரியில்ல…”

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.
நாலும் நின்றன.
“ஆமா, இங்க காத்து கொஞ்சம் சாஸ்தி” என்றேன்.

பங்குனி மாதம்.
வடக்குச் சன்னலுக்கு வெளியே
முருங்கையில் ஓர் இலை ஆடவில்லை.
அதற்கும் அப்பால் பதினேழாம் நம்பர்
மூன்று கையையும் விரித்தபடி
சும்மா நின்றது.