பொதுச்சுவர்

பாய்லருக்கு இருபத்தேழு வயது,
என் மகனைவிட இரண்டு வயது மூப்பு.
அவனைப் போலவே
கூப்பிட்ட குரலுக்கு வராது.
திட்டினால் சில நேரம் வரும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு
கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய கையோடு
பித்தளைச் சாவியை எடுத்துக்கொண்டு
அறை அறையாகப் போனேன்.
ரேடியேட்டரின் காதைத் திருகினால்
முதலில் சீறும்,
பிறகு இருமும்,
பிறகு கறுப்பாகத் துப்பும்
கைப்பிடி போன காப்பிக் குவளையில்.

மாடியும் முடித்து இறங்கி வந்தால்
முள் அரையில் கிடந்தது.
ஒன்றுக்குக் கீழே போனால் படுத்துவிடும்.
பாத்திரத் தொட்டிக்குக் கீழே மண்டியிட்டு,
ப்ளீச் புட்டிகளை ஒதுக்கி,
பின்னல் குழாயின் திருகைத் திறந்து
ஒன்றேகால் வரும்வரை தண்ணீர் கொடுத்தேன்.
தேதியையும் அளவையும்
காஸ் பில் வந்த உறையின் முதுகில் எழுதினேன்.

மூடியை மட்டும் நான் திறப்பதில்லை.
அதற்கு டேரன் ஸ்டாதர்ஸ் வருவான்.
வந்து, பார்த்து, உதட்டைப் பிதுக்குவான்:
"இதுக்கு உதிரி செஞ்ச கம்பெனியே செத்துப் போச்சு.
புதுசு ரெண்டாயிரத்து எண்ணூறு."
அவன் குடித்த தேநீருக்குத்தான் என்னிடம் வசதி.
போன வருஷம் யார் வீட்டிலோ கழற்றிய பம்ப் ஒன்றைத்
துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.
நாற்பது பவுண்டு. ரசீது கிடையாது.
அந்த வீட்டுக்காரர்கள் எப்படி இருந்தார்களோ,
இரவில் அது முனகுகிறது.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை
மீட்டர் அட்டையில் இருபது பவுண்டு. அதற்கு மேல் இல்லை.
ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் பின்னால்
அட்டையில் ஒட்டிய அலுமினியத் தாள்,
பளபளப்பு அறையைப் பார்க்க.
வான்கோழிக்கென்று வாங்கிய தாள்.
வான்கோழி வாங்கவில்லை.

ஜனவரியில் முன்னறை குளிர்ந்தது.

முள் ஒன்றேகாலில் நிற்கிறது.
ரேடியேட்டர் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது.
காதைத் திருகினேன், சீறவில்லை, தண்ணீர்தான்.
கதவிடுக்கில் துண்டு, சாவித் துவாரத்தில் பஞ்சு.
பிறகும் குளிர்.
ஒவ்வொரு சுவராக உள்ளங்கை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
தெருச்சுவர் சில்லென்றது, அது அப்படித்தான்,
ஹம்பர் ஆற்றுக் காற்றெல்லாம் அதன் மேல்தான் சாய்கிறது.
பிளென்கின் பக்கத்துச் சுவரும்
அதே சில்லிப்பு.

பதிமூன்று வருஷம்
அந்தச் சுவர் எனக்கு ஓசியில் சூடு தந்திருக்கிறது.
பில் அவருக்கு.
நான் பாட்டுக்கு என் சாமர்த்தியம் என்று
உறையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சாவி தொலைந்துவிட்டது, இரவல் வேண்டும் என்று
கதவைத் தட்டினேன்.
ஓவர்கோட்டும் தொப்பியுமாக வந்தார்.
"எங்கயாவது கிளம்பிட்டீங்களா?"
"இல்லையே, லொரெய்ன். இப்பதான் உட்கார்ந்தேன்."
அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும்
வீட்டுக்குள்ளிருந்தே ஆவியாய் வந்தது.
சாவியைத் தந்தார்.
"திருப்பித் தர அவசரமில்லை.
எனக்கு இப்போ தேவைப்படறதில்லை."

கேட்கவில்லை. எங்கள் தெருவில்
அதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

சோபாவை நகர்த்தி,
ரொட்டிக் கத்தியை உள்ளே விட்டு,
அந்த ஒரு ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்த தாளை
உரித்து எடுத்தேன்.
பெயிண்டும் கொஞ்சம் கூடவே வந்தது.

சனிக்கிழமை இருபத்து மூன்று போட்டேன்.

செவ்வாய் இரவு, குழாய்கள் சூடேறி
டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தபோது
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி
தரையில் இழுபட்டு வந்தது,
நெருக்கத்தில் நின்றது.

காலையில் முள் மறுபடி ஒன்றுக்குக் கீழே.
ப்ளீச் புட்டிகளை ஒதுக்கி
மண்டியிட்டேன்.