பதினோராவது கட்டம்

ரெத்வி விதைக் கிடங்கின் கணினிப் படிவத்தில்
பதினோராவது கட்டம்: பிறப்பிடம்.
மற்ற பத்தையும் நிரப்பிவிட்டேன்.
தோளில் பச்சை. ஏழு மடிப்பு.
உப்பு கேட்காத புளிப்பு.

காம் தியாப் சின்னாப்பேன் சொன்னார்:
"சீனக் கடைக் குப்பையில் முளைத்து நின்றது.
அப்பா பிடுங்கி வந்து நட்டார்."

கடையில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள்.
கல்லாவிலிருந்த மாடாம் லி வா சிரித்தாள்:
"சின்னாப்பேன் வீட்டிலிருந்துதானே வரும்,
அரிசிக் கடனுக்கு ஈடாய், கூடை கூடையாய்?
அழுகியதைப் பின்புறம் கொட்டுவோம்."

குப்பையிலிருந்து தோட்டம்
தோட்டத்திலிருந்து குப்பை
இடையில் நான், பேருந்துச் சீட்டோடு.

கரோல் புயலுக்கு முன்பே உண்டு என்றார் ஒருவர்.
புயல்தான் கொண்டுவந்து போட்டது என்றார்
அதே ஆள், தேநீர் குடித்த பிறகு.

தக்காளி என்றேன்.
பொம்தாமூர் என்று திருத்தினான்
வரப்பில் நின்ற பொடியன்.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்காதே என்பார்கள்.
பழமூலத்தைப் பற்றி
யாரும் எச்சரிக்கவில்லை.

வெற்றுக் கட்டத்தைக் கணினி ஏற்காது.
ஒரு நாட்டின் பெயராவது வேண்டுமாம்.
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பசித்தது.

மாதிரிக்கு வந்த ஆறில் ஒன்றைச்
சோற்றுக்குக் கடித்துக்கொண்டேன்.

இனி மூன்றாவது கட்டத்தையும்
திருத்த வேண்டும்:
ஐந்து.