வாடகைக் குரல்

காலையில் தணிகாசலத்துக்காகப்
பங்காரம்மாவைத் திட்டுவேன்.
மாலையில் பங்காரம்மாவுக்காகத்
தணிகாசலத்தை.
அதே ஆட்டோ, அதே மைக்,
கொடியை மட்டும் மாற்றிக் கட்டுவேன்.

அன்றிரவு ஆந்திராவில் அணையைத் திறந்துவிட்டார்கள்.
பள்ளிப்பட்டுத் தரைப்பாலம் தெரியவில்லை.
ஆட்டோவில் டீசலும் இல்லை.

அரிசி மில்லிலிருந்து கேனோடு வந்தார் பங்காரம்மா.
"தமிழில் நீ சொல்லு, தெலுங்கை விடு" என்று
பாதியில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்:
"லேவண்டி, நீள்ளு வச்சேசாயி!"
காலனி, மசூதிச் சந்து, மேட்டுத்தெரு.
முன்னால், முழங்கால் தண்ணீரில்,
அந்தம்மாவின் கொடிக்கம்பால்
பள்ளம் தேடியபடி
நடந்தார் தணிகாசலம்.
"இடதுபக்கம் சாக்கடை" என்பதுதான்
ஆறு வருஷத்தில் அவர்
அந்தம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை.

மறுநாள் இருவரிடமும்
தொண்டை கட்டிப்போச்சு என்றேன்.
முன்பணத்தை
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.