முன்னைய விசா இலக்கம்

துணுக்காய்ச் சந்தியில் என் கடை.
போட்டோக்கொப்பி, ரீலோட், லமினேற்றிங்,
பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு.
நெல் ஏற்றின உழவு இயந்திரம் போனால்
கீபோட்டெல்லாம் உமி.

குணநாயகம் அண்ணை பத்தரைக்கு வந்தார்,
பசளைப் பையில் சுற்றிய இரண்டு பாஸ்போட்டோடு.
பின்னால் நேசமலர் அக்கா,
படத்துக்கென்று உடுத்த சேலையில்.
ரொறன்ரோ மகன் கப்பல் புக் பண்ணிவிட்டான்:
கொழும்பில் ஏறி கொச்சி, கோவா, மும்பை,
ஏழு இரவு, சாப்பாடு உள்ளே.
பதினொரு மாடியாம்.
"குளக்கட்டை விட உயரம்" என்றார்,
ஒரு அளவுக்கு.

"நான் இறங்கேல்லைத் தம்பி,
மேல நிண்டே பாக்கிறன்" என்றா அக்கா.
இறங்காட்டியும் விசா வேணும் அக்கா.
"தண்ணியில நிக்கிறதுக்குமோ?"
தண்ணியில நிக்கிறதுக்கும்.
அவ அவரைப் பார்த்தா.
நான் அப்போது
படத்துக்கு வெள்ளைத் துணியை
ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

படம் சதுரம். கண்ணாடி கூடாது. காது தெரிய வேண்டும்.
குடும்பப் பெயர் என்று ஒன்று கேட்கும்;
எல்லாருக்கும் அதில் அப்பாவைத்தான் போடுவேன்.
உடலில் தெரியும் அடையாளம்?
மூன்றைக் காட்டினார்.
பெட்டியில் ஒன்றுக்குத்தான் இடம்.
நாடியில் இருந்ததைப் போட்டேன்.
அது மாடு முட்டினது,
விளக்கம் தேவையில்லை.

பிறகு அந்தக் கேள்வி.
முன்பு இந்தியா சென்றிருக்கிறீர்களா?
'இல்லை'யில் புள்ளி ஏற்கெனவே நிற்கிறது.
இங்கே வருகிறவர்கள் அதைப் பாராமல் தாண்டுவார்கள்,
நானும் தாண்டுவேன்.
"ஓம் எண்டு போடு."
போட்டால் நாலு பெட்டி திறக்கும் அண்ணை.
"திறக்கட்டும்."

தங்கிய முகவரி:
மண்டபம் முகாம், வரிசை, அறை,
குழாயடியில் இருந்து எத்தனையாவது கதவு.
குழாயடிக்கு முன்னமே எழுத்து முடிந்துவிட்டது.
பார்த்த இடங்கள்:
"கியூ பிராஞ்ச்" என்றா அக்கா.
அவர் முறைத்தார்.
இறங்கிய துறை:
பேசாலையில் இரவு ஏறினது.
விடியமுன் ஒரு மணல் தீடையில் இறக்கி
'இதுதான் இந்தியா' என்று
ஓட்டி படகைத் திருப்பிவிட்டான்.
பத்தொன்பது பேர். முழங்கால் தண்ணி.
ஏறியது, வடிந்தது, பிறகும் ஏறியது.
அக்காவின் தலையில்
தையல் மெசினின் தலை மட்டும்.

பட்டியலைக் கீழே இழுத்துப் பார்த்தேன்.
தீடை இல்லை.

முன்னைய விசா இலக்கம்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்;
நிரப்பாமல் அடுத்த பக்கம் வராது.
விசா எங்கே இருந்தது, என்று நான் தொடங்கமுன்
அவர் மூச்சு விடாமல் ஒன்பது இலக்கம் சொன்னார்.
முகாமில் தந்த குடும்ப அட்டை.
அக்காவும் கூடவே சொன்னா.
கடைசி மூன்றில் இரண்டு பேரும் பிரிந்தார்கள்:
அறுநூற்றுப் பதினாலா, நானூற்றுப் பதினாறா.
"அவ சொன்னதைப் போடு,
லைனில நிண்டது அவதான்."

பக்கம் மாறியது.
எது விசா, எது அரிசி என்று
பெட்டிக்குத் தெரியாது.

காசு கட்ட மகனின் காட்.
அங்கே இரவு ஒன்றரை.
ஓடிபி ஐந்து நிமிடத்தில் செத்துவிடும்.
மூன்றாம் தரம் அடிக்க எடுத்தான், நித்திரைக் குரலில்:
"அப்பா, முந்திப் போனதோ எண்டதுக்கு
இல்லை எண்டுதானே போட்டனீங்கள்?"
ஸ்பீக்கரில் கிடந்தது போன்.
லமினேற்றிங் மெசின் சூடாகி மணத்தது.

"நீ அங்க பிறந்தனீயடா.
நான் எப்பிடி இல்லை எண்டு போடுறது?
நம்பரைச் சொல்லு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஆறு இலக்கம், ஒவ்வொன்றாக.

மூன்று வேலைநாளில் மெயில் வரும் என்றேன்.
வரும், அல்லது கேள்வி வரும்.
அவர் மிச்சக் காசை எண்ணிக்கொண்டிருந்தார்.
அக்கா படியில் செருப்பைத் தேடியபடி கேட்டா,
கப்பல் அந்தத் தீடைப் பக்கத்தால போகுமோ?

போகாதக்கா.
பெரிய கப்பலுக்கு
அங்க ஆழம் காணாது.