கால் சுரம்

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.
கறுப்பு அட்டைக்குள் பதினாறு பக்கம்,
தண்ணீர்ப் போத்தல், கற்கண்டு,
வெள்ளவத்தை மருந்துக்கடையின் பெயர்ப்பட்டி
(பிளவுசிலிருந்து இப்போதுதான் கழற்றினேன்).
காவலாளி கற்கண்டுப் பையை மட்டும்
இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.
அந்தச் சித்திரைக்குப் பிறகு
தேவாலயத்துக்குள் போவது இப்படித்தான்.

முப்பத்தொரு பேர் நாங்கள்.
தெனோர் மூன்று; அதில் ஒருவருக்குத் தடிமன்.
நடத்துகிற ஷெரோமி
பகலில் தெஹிவளையில் பல் வைத்தியர்.
வாயைத் திற என்று அவள் சொன்னால்
எவரும் மறுப்பதில்லை.

பாட்டு போன வருடம் எழுதப்பட்டது,
பனி விழும் ஏதோவொரு நாட்டில்.
லத்தீன்.
இரக்கம் என்ற ஒரு சொல்லைப்
பதினாறு பக்கத்துக்கு நீட்டி வைத்திருக்கிறான்.
வாத்தியம் கிடையாது.
கடைசிப் பக்கத்தில் மட்டும் ஓர்கன்,
ஒரே சுரம், காலால் அமுக்குவது.

நான் வெள்ளிக்கிழமைகளில்
பம்பலப்பிட்டியில் முருகனிடம் போகிற ஆள்.
ஏழு வயதில் சுருதிப்பெட்டிக்கு முன்னால்
உட்கார்த்திப் பழக்கிய காது எனக்கு:
பிசகினால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும்.
இந்தப் பாட்டோ ஒட்டாதே என்கிறது.
ஏழாம் பக்கத்தில் நிலந்தியும் நானும்
அரைச் சுரம் தள்ளி நிற்கவேண்டும்
பதினெட்டு மாத்திரை,
தோளோடு தோள்.
அவளுடைய சுரம் என் பல்லில் கூசும்.
ஆறு வாரம்
நான் அவளிடம் வழுக்கினேன்,
இல்லாவிட்டால் அவள் என்னிடம்.
ஏழாம் வாரம் இரண்டும் நின்றன.
நடுவில் ஏதோ துடித்தது,
வண்டின் சிறகு மாதிரி,
இருவரும் பாடாத ஒன்று.

இன்றிரவும் அது துடித்தது.

பதினொன்றாம் பக்கத்து மௌனத்தில்
காலி ரயில் கடலோரமாய் வந்தது.
ஷெரோமியின் கை மேலேயே இருந்தது
பெட்டி பெட்டியாய் அது போய் முடியும்வரை.
மின்விசிறிகளைத் தவிர
எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள்.
கை இறங்கியது. தொடங்கினோம்.
அப்போதுதான் கேட்டது எனக்கு:
நாங்களும் இறங்கியிருந்தோம்.
முப்பத்தொரு பேரும் ஒன்றாய்,
வெள்ளத்தில் மிதக்கும் கட்டிலில்
தூங்கிப்போனவர்கள் போல.
எழுதிய இடத்துக்குக் கீழே
கால் சுரம்.

கட்டிலில் இருக்கும்வரை
வீடு நகர்ந்தது தெரியாது.
அளப்பதற்குச் சுவர் வரவேண்டும்.
எங்கள் சுவர் பதினாறாம் பக்கத்தில் இருந்தது,
ஈயமும் மரமுமாய் நூறு வருடக் குழாய்,
இறங்கி வரத் தெரியாதது.

எதிரே மாடத்தில் டெல்ரீன் லூடெக்கன்ஸ்.
செருப்பைக் கழற்றிவிட்டு வாசிப்பவள்.
ஷெரோமியைப் பார்க்க அவள் மாட்டியிருக்கும் கண்ணாடியில்
அவளுடைய ஒரு கண் தெரிந்தது.
பதினாலு.
பதினைந்து. ஷெரோமியின் புருவம் நெளிந்தது,
அவளுக்கும் கேட்டுவிட்டது.
பதினாறு.
கை மாடத்தை நோக்கி நீண்டது.

ஒன்றும் வரவில்லை.

பாடிக்கொண்டே இருந்தோம்.
அடியில் கொட்வினின் குரல் மட்டும்,
இன்சூரன்ஸ் விற்றுக் கரகரத்த குரல்,
ஒரு பலகை மாதிரிக் கிடந்தது.
அதன்மேல் நடந்துபோய்
இரக்கத்தின் கடைசி எழுத்தை வைத்துவிட்டு
வாயை மூடினோம்.

மண்டபத்தில் பற்றீஸ், கட்லட், பிளேன்ரீ.
"முடிவை அந்தரத்தில விட்டிருக்கிறான் பாருங்கோ,
அதுதான் நவீனம்" என்று
நீலச் சேட்டுக்காரர் ஒருவர்
மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.
நான் டெல்ரீனிடம் போனேன்.
கேட்பதற்கு முன்பே
"பெடல் இறுகிப் போச்சு" என்றாள்,
கட்லட்டைப் பிய்த்துப் பெரிய பாதியை
என் கையில் வைத்து.

எல்லோரும் போனபிறகு
ஓர்கனைப் பூட்ட மேலே ஏறினாள்.
நிலந்தியும் நானும் கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தோம்.
ஒருமுறை, வெறுங்காலால், அமுக்கினாள்.
பீங்கானெல்லாம் கிணுகிணுத்தது.
மிகச் சரியான சுரம்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.
அதனோடு சேர்ந்து பாடவில்லை.