நொடிக்கு இரண்டு சொட்டு

நெல்லை எக்ஸ்பிரஸில்
தெர்மோகோல் பெட்டிக்குள் வந்திறங்கியது
ஒன்றரை லிட்டர் கடல்.
அதற்குள் ஒரு கோமாளி மீன், ஒரு நீல டாம்சல்.

மகாராஜநகர் வீட்டில்
திரையை இழுத்துவிட்டு, விளக்கணைத்துத்தான்
மூடியைத் திறந்தேன்.
ராத்திரி முழுக்க இருட்டில் வந்தவர்கள்.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு இருபது நிமிஷம்.
பிறகு வாளி.
பிறகு டிரிப் செட்
(புதுசுதான், மெடிக்கலில் வாங்கிய பில் இருக்கிறது).
திருகைப் பாதி மூடி எண்ணினேன்:
நொடிக்கு இரண்டு சொட்டு.
ஐகிரவுண்டு வார்டில் இப்படி எண்ணியே
எத்தனையோ பேரை விடியவைத்திருக்கிறேன்.
சிலரை இல்லை.

"ஏட்டி, திருச்செந்தூர்ல அசல் கடல் கெடக்கு,
ஆத்துத்தண்ணியில உப்பக் கரைச்சிக்கிட்டிருக்க"
என்று சொல்லிக்கொண்டே
பைக்கைக் கிளப்பினார் இவர்.
மூன்று வாரமாகக் காத்திருக்கிற கடல் இது.
உப்புமானியை அவர் பார்த்ததில்லை.

பத்தரைக்குக் கரண்ட் போனது.
பேட்டரி பம்ப் விக்கி விக்கி மூச்சுவிட்டது.
நீலம் பக்கவாட்டில் சாய்ந்தது.
திருகில் வைத்த விரல்
திறக்கவா, திறக்கவா என்றது.
இன்னும் கொஞ்சம் மூடினேன்.

வந்த தண்ணீர் தொட்டிக்கு ஆகாது.
கப்பில் அள்ளி, வடித்து,
மீனை மட்டும்.
மீன்களை என்று எழுதத்தான் நினைத்தேன்.

நீலம் இப்போது
கறிவேப்பிலைத் தொட்டி மண்ணுக்குள்.
கோமாளி பாறைக்குப் பின்னால் போய்
முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.
இன்றைக்கு இரை கிடையாது.

ஏழு மணிக்கு நைட் டியூட்டி.
சுவிட்சின்மேல் பிளாஸ்திரி ஒட்டி
பேனாவால் எழுதினேன்:
போட்டுராதீங்க.
புதுசு.